ஆறாவது பலகையில் இருந்தவர்

குறைந்தது இரண்டு பேரையாவது கேட்பவர்களாகக் கூட்டி வர வேண்டும் என்பது நிபந்தனை. எனக்குக் கிடைத்ததும் சரியாக இரண்டு பேர்தான். ஒருவன் என் அறைத்தோழன்; மதுரைக்காரன், மென்பொருள் வேலை. இன்னொருவர் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேல். ரயில் மாறும் ஊரில் நல்ல கபாப் கடை இருந்ததால் அறைத்தோழன் சம்மதித்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் யாராவது விடுப்பு எடுத்துவிட்டு அவரை வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்பதால் அக்கா சம்மதித்தார்.

இப்படிப்பட்ட இரண்டு பேர் முன்னால்தான் என் தேர்வு நடக்க இருந்தது.

எர்லாங்கனில் முனைவர் பட்ட ஆய்வுக்காக வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், பிறகு பேருந்தில் இருபது நிமிடம் போனால் ஒரு சிறிய நினைவிடம். நாஜிகள் காலத்தில் கைதிகளை வேலை வாங்கியே சாகடித்த முகாம் இருந்த இடம். அவர்களில் பலர் யூதர்கள். பெரிய முகாம்களின் பெயர்களை உலகம் அறியும். இதன் பெயரைச் சொல்லிப் பேருந்து ஓட்டுநரிடம் சீட்டுக் கேட்டால், "அங்கே என்ன இருக்கிறது?" என்று அவரே திருப்பிக் கேட்பார். மிச்சமிருப்பது ஒரு சுவர், இரண்டு கொட்டகைகள், பதினோரு பலகைகள் நிற்கும் ஒரு கண்காட்சிக் கூடம்.

முதல் முறை அங்கே போனது எங்கள் ஆய்வகத்து ஆட்களோடு. எல்லாரும் பலகைகளைப் படித்தபடி நடந்தார்கள். எனக்கு மட்டும் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் இது நான்கே வரி. அதிலிருந்து ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வி. நான் இரண்டுக்கு இரண்டும் வாங்கியிருந்தேன். அந்தச் சுவரின் முன்னால் நிற்கும்போது அந்த இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: ஆங்கிலத்தில் சுற்றிக்காட்டத் தன்னார்வலர்கள் தேவை. வெளிநாட்டு மாணவர்கள் நிறைய வருகிறார்கள், சொல்ல ஆள் இல்லை என்றிருந்தது. அன்றே விண்ணப்பித்தேன். ஆறு சனிக்கிழமை பயிற்சி, முடிவில் ஒரு சோதனைச் சுற்று. அதில் தேறினால் வழிகாட்டி.

ஊரில் அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"சம்பளம் எவ்வளவுப்பா?"

"சம்பளம் எல்லாம் இல்லப்பா."

"அப்புறம் எதுக்குப்பா பரீட்சை வைக்கிறான்?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். பரீட்சை என்றால் அதன் மறுபக்கம் ஏதாவது கிடைத்தாக வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. எனக்கோ எதையாவது எழுதித் தேறுவதைத் தவிர வேறு எதையும் செய்யத் தெரியாது. பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் ஒரு சிறு அட்டையில் நான்கு வார்த்தை குறித்துக்கொண்டு போனார்கள். நான் இருநூறு பக்க நோட்டு வாங்கினேன். முன்னுரை, உபதலைப்புகள், முடிவுரை. உபதலைப்புகளுக்குப் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு. ஒவ்வொரு பலகைக்கும் ஆறு குறிப்புகள், வரிசை எண்ணோடு. பிறகு மனப்பாடம்.

நடந்துகொண்டே உரக்கச் சொன்னால்தான் எனக்கு ஏறும். அறையில் நடக்க இடமில்லை. குடியிருப்பின் பின்னால் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை இருந்தது. காலை ஏழு மணிக்கு அங்கே போய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். நான்காம் நாள் அக்கா சைக்கிளை எடுக்க வந்தார்.

"தம்பி, நீரோ? நாலு நாளா ஆரோ கொட்டிலுக்கை நிண்டு செபம் சொல்லுகினம் எண்டெல்லோ நினைச்சன்."

"இல்லக்கா, டெஸ்ட்டுக்குப் படிக்கிறேன்."

"வழி காட்டுறதுக்கு ஏன் பாடமாக்கிறீர்? வழி தெரியாதோ?"

அறைத்தோழன் இன்னும் மோசம். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "மச்சான், மூணாவது போர்டு, நாலாவது பாயின்ட் என்ன?" என்பான். பல் தேய்த்துக்கொண்டே சொல்வேன். "அடப்பாவி, நிஜமாவே சொல்றியேடா" என்று சிரிப்பான்.

தேர்வு நாளன்று காலையில் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டேன். ரயிலில் அக்கா மீன் கட்லட் டப்பாவைத் திறந்தார். எதிர் இருக்கை ஜெர்மன்காரர் ஜன்னலைத் திறக்க முடியுமா என்று பார்த்துவிட்டு, முடியாது என்று தெரிந்ததும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டார். நான் எதையும் தொடவில்லை. பரீட்சைக்கு முன்னால் சாப்பிட்டால் படித்தது கீழே இறங்கிவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

"தம்பிக்கு வயித்துக்கையும் குறிப்பு இருக்குப் போல" என்றார் அக்கா.

நினைவிடத்தின் பொறுப்பாளர் வாசலில் காத்திருந்தார். அறுபதைத் தொட்ட ஜெர்மன் பெண்மணி. கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் கிளிப் மாட்டிய அட்டை. அவர்தான் மதிப்பிடுபவர். "நான் இல்லாததுபோல நினைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் வந்தார். அப்படிச் சொன்ன பிறகு அவரைத் தவிர வேறு எதுவுமே என் நினைவில் இல்லை.

தொடங்கினேன். ஆங்கிலத்தில் ஒப்பிப்பேன், அக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது என்பதால் பலகைக்குப் பலகை தமிழில் சுருக்கிச் சொல்வேன். அப்படித்தான் ஏற்பாடு. இரண்டாவது பலகை வரை நன்றாகத்தான் போனது. மூன்றாவதில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் குறுக்கே புகுந்தது. அவர்கள் கடந்துபோவதற்குள் எனக்கு நூல் அறுந்துவிட்டது. மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். அறுந்த இடத்தில் முடிச்சுப் போட முடியாது. நான் அடக்கமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பலகையின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

"உதைத் திருப்பியும் முதலிலை இருந்தோ?" என்றார் அக்கா. "எனக்குக் கால் உளையுது தம்பி."

"ரீவைண்ட் ஆகுதுக்கா. கேசட் அப்படித்தான்" என்றான் அறைத்தோழன்.

பொறுப்பாளர் அட்டையில் ஏதோ எழுதினார்.

அப்படியே ஆறாவது பலகைக்கு வந்தோம். அதில் கைதிகளின் முகங்கள். பன்னிரண்டு புகைப்படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர், பிறந்த ஊர், அவ்வளவுதான். மற்றதை எல்லாம் பக்கத்தில் தொங்கும் ஒலிக்கருவியைக் காதில் வைத்து ஜெர்மனில் கேட்க வேண்டும். நோட்டில் எடுக்க வசதியில்லாததால் நான் அதை ஒருநாளும் காதில் வைத்ததில்லை. என் ஆறு குறிப்புகளும் எந்தெந்த நாடுகளிலிருந்து, எந்தெந்த மாதங்களில், எத்தனை எத்தனை பேர் என்பவை. அவற்றைத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தேன். அடுத்த பலகைக்குத் திரும்பும்போது அக்கா நகரவில்லை.

வலது ஓரத்தில் ஓர் இளைஞனின் படம். பதினேழு பதினெட்டு வயது இருக்கலாம். கொஞ்சம் பெரிய காது. சட்டைப்பையில் ஒரு பேனா.

"தம்பி, எத்தினை பேர் எண்டு சொல்லிப்போட்டீர். உந்தப் பெடியன் ஆர்? உவருக்கு என்ன நடந்தது?"

எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். ஆனால் பன்னிரண்டு வருடம் நான் படித்த பள்ளியில் அந்த இரண்டு வார்த்தையை யாரும் எழுதியதில்லை. "வெறுந்தாளை மட்டும் குடுக்காதீங்கடா. தெரியலன்னா எதையாச்சும் எழுதி வை. திருத்துறவரு அசதியில அரை மார்க் போடுவாரு" என்பதுதான் எங்கள் கணக்கு வாத்தியார் தேர்வுக்கு முந்தைய நாள் கொடுக்கும் ஆசி. அரை அரை மதிப்பெண்ணாகச் சேர்ந்துதான் நான் எர்லாங்கன் வரை வந்திருக்கிறேன். படத்தின் கீழிருந்த ஊர் ஹங்கேரியில் இருப்பது வரைபடத்தைப் படித்ததால் தெரிந்தது. பேனா கண்ணில் பட்டது. வாய் தானாகத் திறந்தது.

"இவர் ஹங்கேரியிலிருந்து வந்தவர்க்கா. ஸ்கூல் வாத்தியார் ஆகணும்னு ஆசை. இங்க வந்த முதல் குளிர்காலத்துலயே காய்ச்சல்ல இறந்துட்டார்."

அக்கா புகைப்படத்தை மறுபடி பார்த்தார். அவர் கண் கலங்கியதைக் கண்டதும் எனக்குப் பதில் நன்றாக அமைந்துவிட்டது என்று ஒரு திருப்தி. உண்மையைச் சொல்வதென்றால் அப்படித்தான் இருந்தது.

பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். எனக்கு நாலு மதிப்பெண் கூட்டித் தரலாம் என்ற நல்லெண்ணத்தில் பொறுப்பாளர் பக்கம் திரும்பினார். சரளமான ஜெர்மனில், இந்தத் தம்பி எவ்வளவு அருமையாகச் சொல்கிறார், பாவம் இந்தப் பிள்ளை, ஆசிரியராக ஆசைப்பட்டு முதல் குளிரிலேயே காய்ச்சலில் போய்விட்டானாமே என்று சொன்னார். தன் பங்குக்கு அம்மாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே இறந்தான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். அது கயிற்றில் தொங்கியது.

"இதை எங்கே படித்தீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். ஆங்கிலத்தில், மெதுவாக.

அப்போதும் ஒரு கணம், "ஒரு கட்டுரையில்" என்று எழுதி வைக்கத்தான் கை பரபரத்தது. நல்ல வேளையாக எந்தக் கட்டுரையின் பெயரும் நினைவில் வரவில்லை.

"படிக்கவில்லை. நானாகச் சொன்னேன்."

"அவர் இறக்கவில்லை" என்றார் பொறுப்பாளர். "முகாம் விடுவிக்கப்பட்ட பிறகு இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். வருடத்துக்கு ஒரு முறை இங்கே வருவார். என் அறையில் உட்கார்ந்து பிளம் கேக் சாப்பிடுவார். கேக்கில் சர்க்கரை போதாது என்று ஒவ்வொரு வருடமும் குறை சொல்வார்."

அறைத்தோழன் தன் காலணியைப் பார்த்தான்.

"சென்ற மாதம்கூட ஒருவர் எங்களுக்கு எழுதினார்," என்று அவர் தொடர்ந்தார். "இங்கே நடந்ததெல்லாம் கட்டுக்கதை என்று. நான் அவருக்கு ஆதாரங்களை அனுப்பினேன். நீங்கள் இன்று சொன்னதை அவர் கேட்டிருந்தால் எனக்கு என்ன பதில் இருந்திருக்கும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே பதில் தேடுவதுபோலக் கேட்டார். அந்த மனிதரைக் கொல்ல அப்போது ஒரு முகாமே முயன்று முடியவில்லை. நான் அரை மதிப்பெண்ணுக்காக ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டேன்.

"உங்கள் ஆட்களிடம் நீங்களே சொல்லுங்கள்" என்றார். தமிழில் சொன்னேன். ஒப்பிக்க வராத தமிழில், திக்கித் திக்கி. மிச்சமிருந்த ஐந்து பலகைகளையும் யாரும் கேட்கவில்லை. வாசலில் பொறுப்பாளர் கை கொடுத்து, இன்று தேர்ச்சி இல்லை என்றார். விருப்பமிருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரலாம்.

திரும்பும் ரயிலில் கபாப் கடை ஞாபகம் ஒருவருக்கும் வரவில்லை. அறைத்தோழன், "விடு மச்சான், அரியர் வச்சுட்ட. கிளியர் பண்ணிக்கலாம்" என்றான்.

அக்கா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். "நானும்தான் கூட்டிச் சொல்லிப்போட்டன்," என்றார். "அம்மான்ரை பேரைச் சொன்னவன் எண்டு. எனக்கெங்கை இருந்து வந்தது அந்தக் கதை?"

"என்னாலதானக்கா."

"ஓம், உம்மாலைதான்." ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். "நான் இங்கை வந்து அகதி எண்டு பதிஞ்சபோது விசாரிச்ச மனுசன் ஒரு திகதி கேட்டவன். நான் சொன்னன். ஆறு மாசம் கழிச்சுத் திருப்பிக் கேட்டான். வேறை திகதி வாயிலை வந்திட்டுது. உடனை பொய்க்காரி எண்டு எழுதிப்போட்டான். நான் மறந்துதான் போனனான் தம்பி. நீர் மறக்கேல்லை. தெரியாததைத் தெரியும் எண்டு சொன்னனீர். ரெண்டும் வேறை."

அதன் பிறகு எர்லாங்கன் வரை கட்லட் டப்பாவைக்கூட அவர் திறக்கவில்லை.

அடுத்த வாரம் பொறுப்பாளருக்கு எழுதினேன். மறுதேர்வுக்கு நாள் கேட்கவில்லை. அந்தக் கடிகாரக்காரரைப் பற்றிப் படிக்க ஏதாவது கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: சனிக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். போனால் ஒரு தடித்த ஆவணக் கோப்பை மேசையில் வைத்து, வேண்டிய பக்கங்களை நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

கோப்பு முழுக்கப் பழைய அலுவலக ஜெர்மன். ஒரு வாக்கியம் ஒரு பத்தி நீளம். வினைச்சொல் கடைசியில் நின்று கையசைக்கும். முதல் சனிக்கிழமை ஒன்றரைப் பக்கம் படித்தேன். நகல்களைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக் கதவைத் தட்டினேன்.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தாளைப் பார்த்தார். "உதோ? உது அன்ராக். விண்ணப்பம்." இரண்டாவது தாள். "உது அன்ராக்கை ஏன் பிந்திப் போட்டனீர் எண்டு கேட்டு எழுதினது." மூன்றாவதை எடுக்கும்போதே சிரித்தார். "உது, முந்தி அனுப்பின கடதாசியைக் காணேல்லை, திருப்பி அனுப்பும் எண்டு. தம்பி, உந்த ஜெர்மன் எனக்கு நித்திரையிலையும் விளங்கும்."

அன்றிலிருந்து அவருக்கு வேலை இல்லாத மாலைகளில் நாங்கள் மூவரும் அந்தக் கோப்பைப் படித்தோம். அறைத்தோழனுக்கு டீ போடும் பொறுப்பு. அவன் அதோடு நிற்காமல் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கித் தந்தான்.

அந்த மனிதருக்கு முகாமில் அடிபட்டு இடது காது கேட்காமல் போயிருக்கிறது. அதற்கு அரசிடம் இழப்பீடு கேட்டுத்தான் விண்ணப்பம். கடிகாரத்தை வலது காதில் வைத்துத்தான் ஓடுகிறதா என்று பார்ப்பேன் என ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். காது பிறவியிலேயே மந்தமாக இருந்திருக்கலாமே என்கிறது அலுவலகம். முகாமுக்கு முன்பு கேட்டது என்பதற்குச் சாட்சி உண்டா என்றும் கேட்கிறது. சாட்சி சொல்லக்கூடியவர்கள் என் அம்மாவும் இரண்டு தங்கைகளும், அவர்களை நீங்கள் எங்கே அனுப்பினீர்கள் என்பது உங்களிடமே பதிவாகியிருக்கும் என்று அவர் பதில் எழுதுகிறார்.

அதைப் படித்த மாலையில் டீ ஆறிப்போனது.

"பேந்து?" என்றார் அக்கா. "என்ன பதில் குடுத்தவை?"

அடுத்த தாள் இல்லை. அதற்கடுத்தது நான்கு வருடம் கழித்து எழுதப்பட்ட, கடை வாடகை பற்றிய வேறு கடிதம். நடுவில் என்ன ஆனது என்பது கோப்பில் இல்லை. பொறுப்பாளரிடம் கேட்டதற்கு, தொலைந்திருக்கும் என்று நினைக்கிறோம் என்றார். அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. படியில் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, எங்கடை ஆளின்ரை அன்ராக் என்ன மாதிரி?" என்பார், ஏதோ போன வாரம் நகராட்சியில் கொடுத்துவிட்டு வந்ததுபோல.

மூன்று மாதம் முடிந்து மறுதேர்வுக்கு அதே இரண்டு பேரோடு போனேன். நோட்டை எடுத்துப் போகவில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். எடுத்துப் போனேன், பையில் இருந்தது. முதல் ஐந்து பலகைகளைச் சுமாராகச் சொன்னேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். ஆறாவது பலகையில் அந்தப் பெரிய காது இளைஞனின் முன்னால் நின்று, பேனாவை விட்டுவிட்டு, அம்மாவும் தங்கைகளும் என்று அவர் எழுதிய பதில் வரைக்கும் சொன்னேன்.

"அதன் பிறகு என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது" என்றேன். "தாள் கோப்பில் இல்லை."

பொறுப்பாளர் எழுதுவதற்கு அட்டையை உயர்த்தினார். ஆனால் அதற்குள் அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றிருந்தார்.

"தொலைஞ்சிருக்காது" என்று ஜெர்மனில் தொடங்கினார். நடுவில் விடுபட்ட அந்த நான்கு வருடத்துக்குள்தான் இவர் வீடு மாறியிருக்கிறார், வாடகைக் கடிதத்தில் வேறு முகவரி இருக்கிறது. பதில் பழைய முகவரிக்குப் போய், ஆளில்லை என்று அனுப்பிய அலுவலகத்துக்கே திரும்பியிருக்கும். திரும்பி வந்ததை அவர்கள் வேறு பெட்டியில் வைப்பார்கள், எனக்கு மூன்று முறை அப்படி நடந்திருக்கிறது. அந்தப் பெட்டியில் தேடினீர்களா?

பொறுப்பாளர் அட்டையைத் தாழ்த்தினார். "அந்த அலுவலகத்தின் பழைய காகிதங்கள் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன" என்றார்.

"அப்ப போய்ப் பாக்கத் திகதி வாங்குவம். ரெர்மின் கேக்காமல் அங்கை போகேலாது."

இருவரும் பேசிக்கொண்டே அலுவலக அறையை நோக்கி நடந்தார்கள். ஏழாவது பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் அறைத்தோழனும் மட்டும் நின்றோம்.

"டேய், உன் எக்ஸாமினரையே அக்கா கடத்திட்டுப் போயிட்டாங்கடா" என்றான்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு நாலைந்து மாணவர்கள் உள்ளே வந்தார்கள். முதுகில் பை, கையில் பல்கலைக்கழகத்துத் தண்ணீர்ப் புட்டி. என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்: "நீங்கள்தான் வழிகாட்டியா?"

நான் திறந்திருந்த அலுவலகக் கதவைப் பார்த்தேன். பொறுப்பாளர் ஒரு கையால் தொலைபேசியைக் காதில் பிடித்திருந்தார். அக்கா பக்கத்தில் நின்று ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அங்கே நிற்பதைப் பொறுப்பாளர் கண்டார். மற்றக் கையை உயர்த்தி, என்னை விரட்டுவதுபோல இரண்டு முறை அசைத்தார்: போ, போ, அவர்கள் நிற்கிறார்கள்.

"வாருங்கள்" என்றேன். "முதல் பலகை இந்தப் பக்கம்."